ஓட்டக் காலணிக்கு எப்போது விடை கொடுப்பது?

செருப்பைக் கைவிடும் நேரம் எது என்பதில் நம் வீடுகளில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. வார் அறுந்தால் தைத்துக்கொள்கிறோம். மீண்டும் அறுந்தால் மீண்டும் தைக்கிறோம். அடிப்பகுதி தேய்ந்து தரையின் சூடு காலில் படும்போது புதியது வாங்குகிறோம். செருப்பு தன் முடிவைத் தானே அறிவித்துவிடுகிறது. ஓட்டத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் நாம் அணியும் காலணி அப்படிப்பட்டதன்று. அதன் மேல்துணி பல ஆண்டுகள் கிழியாமல் இருக்கும். துவைத்தால் புதியதுபோலத் தோன்றும். கயிற்றை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு ஆண்டுகள் உழைக்கும் என்றும் எண்ணத் தோன்றும். ஆனால் எந்த வேலைக்காக அதை வாங்கினோமோ அந்த வேலையை அதன் உட்பகுதி எப்போதோ நிறுத்தியிருக்கலாம்.

குதிகால் வலி, முழங்கால் வலி, கணுக்கால் வலி என்று புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்களிடம், "அண்மையில் ஏதேனும் மாற்றம் உண்டா?" என்று கேட்பது வழக்கம். "எதையும் மாற்றவில்லை, அதே நடை, அதே பாதை, அதே காலணி" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்தக் காலணியின் வயது என்ன என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் பலரால் விடை சொல்ல இயலுவதில்லை. காலணிக்கு எப்போது ஓய்வு கொடுப்பது, எப்படிக் கண்டறிவது, யார் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

காலணியின் உள்ளே இருப்பது என்ன?

ஓட்டக் காலணியை நான்கு அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். பாதத்தை மூடியிருக்கும் மேல்துணி முதலாவது. உள்ளே பாதம் படியும், கழற்றி எடுக்கக்கூடிய மெல்லிய மெத்தை இரண்டாவது. இதைக் கடைக்காரர்கள் இன்சோல் என்பார்கள். தரையில் உரசும் ரப்பர் அடித்தட்டு மூன்றாவது. இன்சோலுக்கும் ரப்பருக்கும் நடுவே விரலளவு தடிமனில் இருக்கும் நுரைத்தட்டு நான்காவது. காலணியின் உயிர் இந்த நுரைத்தட்டில்தான் இருக்கிறது.

1970களின் நடுப்பகுதியிலிருந்து ஓட்டக் காலணிகளில் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் நுரைப்பொருள் பரவலாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு அறைகள் அடுக்கப்பட்டதுபோல் அதன் அமைப்பு இருக்கும். ஒவ்வோர் அறையிலும் காற்று அடைபட்டிருக்கும். நாம் கால் பதிக்கும்போது அறைகள் அமுங்கி அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. காலைத் தூக்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகின்றன. பல்லாயிரம் முறை அமுங்கிய பின் அறைகளின் சுவர்கள் மடிந்து உடைகின்றன. அப்போது நுரை பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. நாட்பட்ட இலவம்பஞ்சு மெத்தை நாம் படுக்கும் இடத்தில் மட்டும் பள்ளமாகிப் போவதைப் போன்றது இது.

இந்தச் சுமை எவ்வளவு என்று பார்ப்போம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின் மீது விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 120 முதல் 180 கிலோ வரை ஆகும். மிதமான வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 500 முறை தரையைத் தொடும். 500 கிலோமீட்டர் ஓடிய காலணி இப்படி இரண்டரை இலட்சம் முறை அமுக்கப்பட்டிருக்கும். நடைப்பயிற்சியில் விசை மிகவும் குறைவு. உடல் எடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். எனவே நடப்பவரின் காலணி கூடுதல் தொலைவு தாங்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

கிலோமீட்டர் கணக்கு

ஓட்டக் காலணியின் பயன்பாட்டு எல்லை பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. ஓட்டக் காலணிகளின் அதிர்வு தாங்கும் திறனைப் பற்றி 1985 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இயந்திரத்தின் மூலம் 250 முதல் 500 மைல் ஓட்டத்துக்கு ஈடான அழுத்தம் கொடுத்தபோது, காலணிகளின் தொடக்கத் திறனில் 60 விழுக்காட்டுக்கும் குறைவே எஞ்சியது. மனிதர்கள் அணிந்து 500 மைல் ஓடியபோது சுமார் 70 விழுக்காடு எஞ்சியது. 500 மைல் என்பது 800 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். இன்றைய நுரைப்பொருள்கள் மேம்பட்டிருக்கின்றன. எனினும் தேய்மானத்தின் போக்கு மாறவில்லை.

இந்த எண் ஒரு வழிகாட்டி மட்டுமே. 500 ஆவது கிலோமீட்டரில் காலணி திடீரெனக் கெட்டுப்போவதில்லை. பழைய காலணி ஒன்றே காயத்தை உண்டாக்கும் என்றும் கூற இயலாது. காலணி மெல்ல மெல்ல இறுகும்போது உடலும் தன் ஓட்டமுறையைச் சற்று மாற்றிக்கொண்டு ஈடுகட்டுகிறது. இளமையும் தசைவலிமையும் உள்ளவருக்கு அந்த ஈடுகட்டல் எளிது. உடல் எடை மிகுந்தவர், மூட்டுத் தேய்மானம் உள்ளவர், அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் நடக்கத் தொடங்கியவர், முதியவர் ஆகியோருக்கு அது எளிதன்று.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம். நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் வீதம் வாரத்துக்கு ஐந்து நாள் நடப்பவர் வாரத்தில் 20 கிலோமீட்டர் கடக்கிறார். அவர் 25 வாரங்களில் 500 கிலோமீட்டரையும், 40 வாரங்களில் 800 கிலோமீட்டரையும் எட்டிவிடுவார். அதாவது ஆறு மாதத்திலிருந்து காலணியைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். நடப்பவருக்குக் காலணி ஓராண்டுவரைகூட நன்றாக இருக்கலாம். ஆனால் மூன்று ஆண்டுகள் என்பது மிகையானது. வாரத்துக்கு 15 கிலோமீட்டர் ஓடுபவருக்கு எட்டு மாதம் முதல் ஓராண்டு வரை என்று கணக்கு வரும். காலணியைக் காய்கறிக் கடைக்கும் அலுவலகத்துக்கும் அணிந்து சென்றால் அந்தத் தொலைவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய காலணியை அணியும் முதல் நாளன்று, நாக்குப் பட்டையின் உட்புறத்தில் அழியாத மையால் தேதியை எழுதி வையுங்கள். நினைவாற்றலை நம்புவதைவிட இது மேலானது.

பயன்படுத்தாமல் வைத்தாலும் காலணிக்கு முதுமை உண்டு. பாலியூரிதேன் வகை அடித்தட்டுகள் காற்றின் ஈரத்தால் வேதிமாற்றம் அடைந்து, சில ஆண்டுகளில் பிஸ்கட்டுபோல் உதிரும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பெட்டியில் பத்திரமாக வைத்த காலணி, எடுத்து அணிந்த அன்றே அடிப்பகுதி பிளந்து விழுவதற்குக் காரணம் இதுதான். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே காலணியை விட்டு வைத்தால் பசையும் நுரையும் விரைவில் கெடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

இவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது, மேசைச் சோதனை. இரண்டு காலணிகளையும் சமமான மேசையின் மீது வைத்து, கண்களை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பின்புறமிருந்து பாருங்கள். குதிகால் பகுதி நேராக நிற்க வேண்டும். உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து நின்றால், அந்தச் சாய்வு ஒவ்வோர் அடியிலும் உங்கள் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் செல்கிறது என்று பொருள்.

இரண்டாவது, நுரைத்தட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். கிடைமட்டமாக ஆழமான சுருக்கங்கள் இருந்தால் நுரை அமுங்கிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தும்போது அது சற்று உள்வாங்கி மீள வேண்டும். கல்லைப்போல் இறுகியிருந்தாலும், அமுங்கிய இடம் மீளாவிட்டாலும் காலணியின் பணி முடிந்தது.

மூன்றாவது, மடக்கியும் முறுக்கியும் பாருங்கள். நல்ல காலணி விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டுமே மடங்க வேண்டும். நடுப்பகுதியில் செய்தித்தாளைப்போல் மடங்கக் கூடாது. ஈரத்துண்டைப் பிழிவதுபோல் முறுக்கினால் ஓரளவு எதிர்த்து நிற்க வேண்டும்.

நான்காவது, குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரு விரல்களால் அழுத்துங்கள். அது விறைப்பாக இருக்க வேண்டும். கயிற்றை அவிழ்க்காமல் பின்பகுதியை மிதித்துக்கொண்டே கால் நுழைக்கும் பழக்கம் உள்ளவர்களின் காலணியில் இந்தச் சுவர்தான் முதலில் சாய்கிறது.

ஐந்தாவது, அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் சற்றே தேய்வது பெரும்பாலோருக்கு இயல்பு. ரப்பர் முழுவதும் தேய்ந்து வேறு நிற நுரை தெரிந்தாலும், பள்ளக்கோடுகள் மறைந்து வழவழப்பாகியிருந்தாலும் அந்தக் காலணியை அணிந்து வெளியே நடக்கக் கூடாது. மழைநாளில் தரையோடு ஒட்டிய பிடி அதற்கு இருக்காது.

புதிய இன்சோல் போட்டால் பழைய காலணி மீண்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளம் விழுந்த தரையின் மீது புதிய பாய் விரிப்பதற்கு ஒப்பானது அது. மேலே மென்மையாக இருக்கும். கீழே உள்ள சாய்வு அப்படியே இருக்கும். அடித்தட்டில் ஒட்டுப்போட்டுத் தைப்பதும் செருப்புக்குப் பொருந்தலாம். ஓட்டக் காலணியில் அது இரு கால்களின் உயரத்தையும் சமநிலையையும் மாற்றிவிடும்.

உடல் சொல்லும் செய்தி

காலணியின் முதுமையைச் சில நேரங்களில் உடல் முதலில் அறிவிக்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலில் குத்துவது, வழக்கமான நடைக்குப் பின் முன்பில்லாத முழங்கால் வலி, கெண்டைக்காலின் முன்பகுதி எலும்போரத்தில் வலி, பாதத்தின் அடியில் எரிச்சல், புதிதாகத் தோன்றும் காய்ப்பு ஆகியவை அத்தகைய செய்திகள். தொலைவையும் வேகத்தையும் கூட்டாமலேயே இவை தோன்றினால் காலணியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதே நேரத்தில், எல்லாப் பழியையும் காலணியின் மீது போடுவதும் ஆபத்தானது. எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும்படியான வலி நாளுக்கு நாள் கூடினால், அது மிக நுண்ணிய எலும்பு முறிவாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், இரத்தக்குழாயில் உறைகட்டி இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், நின்றால் உடனே தணிவதும் காலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்திருப்பதைக் காட்டலாம். இடுப்பிலிருந்து கால்வரை பரவும் வலியோ மரத்துப்போதலோ முதுகெலும்பிலிருந்து வரலாம். இத்தகைய நிலைகளில் புதிய காலணி வாங்கிவிட்டுக் காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்.

வலி தெரியாத பாதங்கள்

மேற்சொன்னவை அனைத்தும் பாதத்தில் உணர்ச்சி உள்ளவர்களுக்கு. நீரிழிவு நோய் பல ஆண்டுகள் நீடிக்கும்போது பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. அப்போது காலணி கெட்டுவிட்டது என்று சொல்ல வேண்டிய உடலே பேசுவதை நிறுத்திவிடுகிறது. உள்ளே ஒரு சிறு கல் கிடந்தாலும், தேய்ந்த அடித்தட்டைத் துளைத்து ஆணி வந்தாலும் அவர் நாள் முழுவதும் நடந்துகொண்டிருப்பார். மாலையில் காலுறையில் இரத்தக் கறையைக் கண்டு வீட்டினர் கேட்கும்போதுதான் அவருக்கே தெரியவரும்.

இதன் ஆபத்தை உலகுக்கு எடுத்துக்காட்டியதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முதன்மையான காரணம் சதை தானே அழுகுவதன்று, வலி தெரியாததால் திரும்பத் திரும்பப் படும் காயங்களே என்று நிறுவினார். அத்தகைய பாதங்களைக் காக்க, நுண்ணறை ரப்பரால் ஆன மென்மையான காலணிகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் உருவாக்கப்பட்டன. இன்று நீரிழிவு நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று நாம் எழுதித் தருவது அந்த வகையைச் சேர்ந்ததே. பிராண்ட் 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு அவர் தொடர்ந்த பணி நீரிழிவுப் பாதப் பராமரிப்புக்கும் அடித்தளம் ஆயிற்று.

உங்கள் பாதத்தில் காக்கும் அளவு உணர்ச்சி உள்ளதா என்பதை 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் சில நிமிடங்களில் சோதிக்கலாம். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இதைச் செய்துகொள்ள வேண்டும். இழை படுவது தெரியாதவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. அவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அணிவதற்கு முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்துணி கிழிந்திருந்தாலும், தையல் முடிச்சு உறுத்தினாலும், இன்சோல் தட்டையாகிப் போனாலும் அன்றே அதற்கு ஓய்வு கொடுங்கள். ஆணியடித்துச் சரிசெய்த காலணி வேண்டவே வேண்டாம். வெள்ளை அல்லது வெளிர்நிறப் பருத்திக் காலுறை அணியுங்கள். காயம் பட்டால் கறை உடனே தெரியும். கோயிலில் வெறுங்காலுடன் செல்ல வேண்டியிருந்தால், கருங்கல் தளம் சுடாத காலை வேளையில் செல்லுங்கள். நண்பகல் தளத்தில் வெந்துபோன பாதத்தை வீட்டுக்கு வந்த பிறகே கண்டறிந்தவர்கள் பலர்.

பார்வை குறைந்தவர், குனிந்து பாதத்தைப் பார்க்க இயலாதவர் ஆகியோருக்கு இந்தப் பொறுப்பு வீட்டினருடையது. இரவில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதே பாதத்தையும் விரலிடுக்குகளையும் காலணியின் உட்புறத்தையும் பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

மகனின் பழைய காலணி, தந்தையின் நடை

நம் குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கத்தைப் பற்றி இங்கு வெளிப்படையாகப் பேச வேண்டும். ஓட்டப் பந்தயங்களில் பங்கேற்கும் மகனோ மகளோ தங்கள் காலணிக்குக் காலம் முடிந்தது என்று கண்டு புதியது வாங்குகிறார்கள். பழையது பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது, விலையும் கூடுதல். "அப்பா நடக்கத்தானே போகிறார்" என்று அது தந்தையிடம் செல்கிறது. தந்தையும் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறார். வீணாக்காமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் காலணியின் நுரை வேறொருவரின் எடைக்கும் கால் வைக்கும் முறைக்கும் ஏற்ப ஏற்கெனவே பள்ளமாகிவிட்டது. அளவு அரை எண் பெரிதாக இருந்தால் குதிகால் உள்ளே நழுவும். சிறிதாக இருந்தால் விரல்நுனியில் புண் வரும். குதிகால் ஒருபுறம் சாய்ந்திருந்தால், தளர்ந்த கணுக்கால் உள்ள முதியவரின் சமநிலை மேலும் குலையும். அடித்தட்டு வழவழப்பாகியிருந்தால், மழையில் நனைந்த வாசற்படியிலோ பூங்காவின் பாசி படர்ந்த நடைபாதையிலோ ஒரே ஒரு சறுக்கல் போதும். எலும்பு மெலிந்த முதியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சையும், பல மாதப் பயிற்சியும், பிறர் துணையும் தேவைப்படும். முன்பிருந்த தன்னம்பிக்கையான நடை எல்லோருக்கும் திரும்பக் கிடைப்பதில்லை. அவருக்கு நீரிழிவும் இருந்தால் ஆபத்து இருமடங்கு.

எனவே ஓடுபவர் கழித்துவிட்ட காலணியை முதியவருக்கோ நீரிழிவு உள்ளவருக்கோ கொடுக்காதீர்கள். வீட்டில் ஒரே ஒரு புதிய காலணி வாங்கத்தான் வசதி இருக்கிறது என்றால், அது மிகவும் தளர்ந்த கால்களுக்குச் சேர வேண்டியது. அதற்கு விலையுயர்ந்த ஓட்டக் காலணி தேவையில்லை. சரியான அளவும், வழுக்காத அடியும், விறைப்பான பின்சுவரும், இறுக்கிக் கட்டக் கயிறோ ஒட்டுப்பட்டையோ உள்ள எளிய காலணியே போதும். அவருக்கு மிக மென்மையான, தடித்த நுரைக் காலணியைத் தவிர்ப்பதே நல்லது. அதில் தரையின் உணர்வு குறைந்து தள்ளாட்டம் கூடலாம்.

வீட்டில் உதவிக்கு வருபவருக்குக் கொடுக்கும்போதும் இதே அளவுகோல் பொருந்தும். நாள் முழுவதும் நின்று உழைக்கும் கால்களுக்கு, நம் கால்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதைக் கொடுப்பது உதவியாகாது. நீங்களே இன்னும் 100 கிலோமீட்டர் நடக்கத் துணிவீர்கள் என்றால் மட்டும் கொடுங்கள்.

எறிவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்

பழைய காலணி மருத்துவருக்கு ஒரு பதிவேடு. பல மாத நடையை அது தன் தேய்மானத்தில் எழுதி வைத்திருக்கிறது. இரண்டு காலணிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் மிகுதியாகத் தேய்ந்திருந்தால், கால்களின் நீள வேறுபாடு, ஒரு பக்க இடுப்பு அல்லது முழங்கால் மூட்டின் வலி, தசைத் தளர்ச்சி ஆகியவை காரணமாக இருக்கலாம். ஒரு காலணியின் முன்நுனி மட்டும் உரசித் தேய்ந்திருப்பது பாதத்தை மேலே தூக்கும் தசை வலுவிழந்ததைக் காட்டலாம். இரண்டு காலணிகளின் நுனியும் உரசியிருந்தால், பார்கின்சன் நோயில் காணப்படும் கால் இழுத்து நடக்கும் நடையோ என்று ஆராய வேண்டும். உள்பக்க ஓரம் முழுவதும் சரிந்திருப்பது பாத வளைவு தாழ்ந்திருப்பதைக் குறிக்கலாம்.

வீட்டில் உள்ள முதியவரின் நடை மாறியதை நாள்தோறும் பார்ப்பவர்கள் உணர்வது கடினம். மாற்றம் மெல்ல வருவதால் கண் பழகிவிடுகிறது. காலணி அதைக் காட்டிக்கொடுக்கும். எனவே கால், முழங்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றில் எந்தக் குறைக்காக மருத்துவமனைக்கு வந்தாலும், வழக்கமாக அணியும் பழைய காலணியைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். மருத்துவரைப் பார்ப்பதற்காகப் புதியதை அணிந்து வர வேண்டாம்.

புதியதற்கு மாறும் முறை

பழையது முற்றிலும் தளரும்வரை காத்திருந்து, ஒரே நாளில் புதியதற்குத் தாவுவது நல்லதன்று. பழைய காலணிக்கு ஏற்ப உடல் பழகியிருக்கும். புதியதன் உயரமும் மென்மையும் தசைகளுக்கும் குதிகால் நாணுக்கும் புதிய வேலை தரும். எனவே பழையது ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே புதியதை வாங்கி, முதலில் வீட்டுக்குள்ளும், பிறகு குறுகிய தொலைவுக்கும், பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாளும் அணியுங்கள். லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரங்கள் கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாற்றி மாற்றி அணிந்தவர்களுக்குக் காயங்கள் குறைவாக ஏற்பட்டன. மாற்றி அணிவதால் ஈரம் உலரவும், அமுங்கிய நுரை ஓரளவு மீளவும் நேரம் கிடைக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள் புதிய காலணியை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றியதும் பாதத்தில் சிவந்த இடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு மாலை வேளையே ஏற்றது. பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ற அளவை எடுங்கள். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடையிலேயே சற்று நடந்து பாருங்கள். "போகப்போகத் தளர்ந்துவிடும்" என்ற உறுதிமொழியை நம்பி, கடிக்கும் காலணியை வாங்காதீர்கள். மருத்துவர் தனியாகச் செய்து கொடுத்த பாதத்தாங்கி இருந்தால் அதையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

காலணி நனைந்தால் இன்சோலைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். சுட்டெரிக்கும் மொட்டைமாடி வெயிலும் துணி துவைக்கும் இயந்திரமும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

பழையதை என்ன செய்வது?

பாத உணர்ச்சியும் சமநிலையும் நன்றாக உள்ளவர், அடித்தட்டில் இன்னும் பிடி இருந்தால், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு மட்டும் மீண்டும் எடுக்காதபடி நாக்குப் பட்டையில் ஒரு பெருக்கல் குறி இட்டுவிடுங்கள். மற்றவற்றை உலர் கழிவோடு சேர்த்து, துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். போகியன்று பழைய பொருள்களோடு காலணியைத் தீயில் போடாதீர்கள். ரப்பரும் நுரையும் பசையும் எரியும் புகை ஆஸ்துமா உள்ளவர்களையும் குழந்தைகளையும் மிகவும் வருத்தும்.

இந்த வாரம் ஓய்வு கிடைக்கும் ஒரு நாளில், வீட்டில் உள்ள நடைக் காலணிகள் அனைத்தையும் ஒரு மேசையின் மீது வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் முதியவருடையதையும் நீரிழிவு உள்ளவருடையதையும் கையில் எடுங்கள். சாய்வு, சுருக்கம், வழவழப்பு, உள்ளே உறுத்தல் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அதை மீண்டும் வாசலில் வைக்காதீர்கள். வாசலில் இருந்தால் பழக்கத்தால் கால் அதற்குள்தான் செல்லும்.